இடப்பக்கக் கடல்

செப்புத் தகட்டில் இடவலம் மாற்றிச் செதுக்கினால்தான் காகிதத்தில் படம் நேராக விழும். ஆம்ஸ்டர்டாமில் கற்றுக்குட்டிக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, பீரின் உபயத்தால் கோவர்ட்டுக்கு மறந்துபோனது. அவன் செதுக்கிய துறைமுகக் கோட்டை முற்றுகைப் படத்தில், வலப்பக்கம் இருக்கவேண்டிய கடல் இடப்பக்கம் போய்விட்டது. அவன் கவனித்தபோது படம் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தது.

அந்த நேரம் பார்த்துக் கேப்டன் வெஸல் கடைக்குள் நுழைந்தார். அந்தக் கோட்டை மதிலில் முதலில் ஏறியவர் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிபவர்.

"தொலைஞ்சோம். நேர்ல பார்த்த மனுஷன்," என்று மனைவி லைஸ்பெத்தின் காதில் முனகினான் கோவர்ட்.

கேப்டன் படத்தில் மூக்கு உரச நின்றார்.

"அச்சு அசலா இருக்குய்யா. இந்தக் கோபுரத்துலதான் ஏறினேன். இடப்பக்கம் கடல், எதிர்ல பீரங்கி. ஒண்ணு சுருட்டிக் குடு. எவனோ ஒரு சிப்பாய், தான்தான் முதல்ல ஏறினேன்னு பிராது குடுத்திருக்கான். நாளைக்கு நகரசபையில விசாரணை."

அவர் போனதும் கோவர்ட் விழுந்து விழுந்து சிரித்தான்.

"இந்த ஆளு கோட்டைப் பக்கமே போகலடி. நாளைக்கு இடப்பக்கம் கடல்னு உளறி மாட்டப்போறான்."

"சபையில இருக்கிற பெரிய மனுஷங்க மட்டும் அங்க போயிருக்காங்களா? எதை வச்சு சரிபார்ப்பாங்க?"

"எதை வச்சு?"

"சுவத்துல மாட்டணும்னு போன வாரம் நம்மகிட்ட வாங்கிட்டுப் போனாங்களே, அதை வச்சுத்தான்."

கோவர்ட்டின் சிரிப்பு நின்றது. "அப்ப அந்தச் சிப்பாய்?"

"கடல் வலப்பக்கம்னு உள்ளதைச் சொல்லுவான். பொய்யன்னு ஜெயில்ல போடுவாங்க," என்றாள் லைஸ்பெத். "அடுத்த தடவையாவது படத்தைப் பார்த்துட்டு மதில் ஏறட்டும்."