முனேஷ் கைக்கு இழைத்த பிடி

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் செங்கல்லை நீட்டிப் பிடித்தபடி நின்றிருந்தாள். மூச்சை அடக்கி, இமைக்காமல், எதிர்ச் சுவரையே குறி பார்த்துக்கொண்டிருந்தாள்.

காவலுக்கு நின்ற கான்ஸ்டபிள் பதறிப்போனான். "ஏம்மா, யார் மண்டையைப் பொளக்கப் போற?"

"யார் மண்டையையும் இல்லண்ணே. கை நடுங்காம இருக்கப் பழகுறேன். என் பிஸ்டல் உங்க பீரோவுல தூங்குது. அது வெளிய வர்ற வரைக்கும் செங்கல்தான்."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. "அட, நம்ம முனேஷ்! உள்ள விடுப்பா."

சிரித்தவர் முன்ஷி தயாகிஷன். அந்த ஸ்டேஷனின் எழுத்தர். ஒப்படைத்த ஆயுதங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு.

"ராம் ராம் முன்ஷிஜி. இன்னைக்காவது குடுங்க."

தேர்தல் அறிவித்ததும் ஊர்த் துப்பாக்கிகளோடு அவளுடையதும் இங்கே வந்துவிட்டது. துப்பாக்கி சுடும் விளையாட்டுக்காரர்களுக்கு விலக்கு உண்டு என்று கலெக்டர் கையெழுத்திட்ட கடிதம் பிறகுதான் அவள் கைக்குக் கிடைத்தது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே.

"சாவி இன்ஸ்பெக்டர்கிட்ட தங்கச்சி. அவரு தேர்தல் வேலையா ஹிசார் போயிருக்காரு. நான் என்ன பண்ணட்டும்?"

"நேத்தும் இதையேதான் சொன்னீங்க. ஞாயித்துக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. இந்தத் தடவையும் கோட்டை விட்டா, பிஸ்டலை வித்துட்டு எருமைக்குத் தண்ணி காட்டுன்னு மாமியார் சொல்லிட்டாங்க."

"த்சு, பாவம்!" முன்ஷி நிஜமாகவே உச்சுக்கொட்டி, அவளுக்கு டீ வரவழைத்தார். "அந்தப் பிஸ்டல்ல அப்படி என்ன ஒசத்தி? வேற ஒண்ணை வாங்கிச் சுடேன்."

டெல்லிக் கடையில் அவள் ஒன்பது பிஸ்டல்களைத் தூக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது. ஒன்றுக்கு மூக்கு கனத்தது. இன்னொன்றின் விசையை அழுத்துவது கிணற்றிலிருந்து வாளி இழுப்பது போல இருந்தது. ஒன்பதாவது மட்டும் கையை நீட்டியதுமே குறிக்கு நேராகப் போய் நின்றது.

"மரப்பிடி என் கைக்குன்னே இழைச்சது முன்ஷிஜி. மொத மாசம் கட்டை விரல் இடுக்குல தோலே உரிஞ்சுபோச்சு. அரத்தால தேய்ச்சு, மரத்தூளும் பசையும் அப்பி, மறுபடி தேய்ச்சு, ரெண்டு மாசம் ஆச்சு. இப்ப அது வேற யாரு கையிலயும் உக்காராது."

"அப்படியா சேதி!" முன்ஷி நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டார். "சுடும்போது எதைப் பாக்கணும்? எதிர்ல இருக்கிற அட்டையையா?"

மனுஷன் மனம் குளிர்ந்தால் சாவி வரும் என்று முனேஷ் நம்பினாள். எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தாள்.

"குழாய் முனையில நிக்கிற குறியைத்தான் பாக்கணும். அட்டை மங்கலாத் தெரிஞ்சாப் போதும். விசையை வெடுக்குன்னு இழுக்கக் கூடாது, மெல்ல அமுக்கிட்டே இருக்கணும். எப்ப வெடிக்கும்னு நமக்கே தெரியக் கூடாது."

வியாழக்கிழமை சூர்மா லட்டு கொண்டுபோனாள். வெள்ளிக்கிழமை வீட்டு எருமை நெய். மாமியாருக்குத் தெரியாமல்தான். முன்ஷி கட்டை விரலருகே பிளாஸ்டர் ஒட்டிய கையால் தூக்குவாளியை வாங்கிக்கொண்டார்.

"கையில என்னாச்சு முன்ஷிஜி?"

"லத்தி புடிச்சே தேயுது தங்கச்சி. தேர்தல் வேலைன்னா சும்மாவா? சாவி நாளைக்கு வந்துடும், கவலைப்படாத."

சனிக்கிழமை முன்ஷியே இல்லை. "வெளி வேலை" என்றான் கான்ஸ்டபிள். முனேஷ் அந்த இரும்பு பீரோவின் கதவில் கை வைத்தபடி வெகு நேரம் நின்றாள். ஒரு தகட்டுக்கு அந்தப் பக்கம் தன் பிஸ்டல் இருந்தும் தொட முடியவில்லையே என்று நெஞ்சு வெந்தது.

ஞாயிற்றுக்கிழமை கோச் எங்கிருந்தோ இரவல் பிஸ்டல் ஒன்றைக் கொண்டுவந்தார். அது வேறு யாருக்கோ இழைத்த பிடி. ஒவ்வொரு குண்டுக்கும் கைக்குள் அசைந்தது. முதல் நான்கு பேருக்குத்தான் அணியில் இடம். முனேஷ் பதினோராவதாக வந்தாள். வீட்டில் மாமியார் திட்டக்கூட இல்லை. வாளி இருக்கும் மூலையைக் கண்ணால் காட்டினாள்.

திங்கட்கிழமை காலையில் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. "சாவி வந்துடுச்சு தங்கச்சி. வந்து வாங்கிக்கோ."

முன்ஷி புதுச் சட்டையில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் இனிப்புப் பெட்டி திறந்திருந்தது.

"மொதல்ல ஒரு லட்டு எடு."

"என்ன விசேஷம்?"

"எல்லாம் உன் புண்ணியந்தான். இங்க ஒரு கையெழுத்து போடு."

முனேஷ் லட்டைத் தொடவில்லை. கையெழுத்திட்டு, அவர் எடுத்து வைத்த பிஸ்டல் பெட்டியைத் திறந்தாள். பிஸ்டலை எடுத்து, பழக்கதோஷத்தில் சுவரைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

பிடி உள்ளங்கைக்குள் லொடலொடவென்று ஆடியது. இறுக்கிப் பிடித்தாள். அப்போதும் ஆடியது. ஒன்றும் புரியாமல் முன்ஷியை ஏறிட்டுப் பார்த்தாள்.

அவர் கூடப்பிறந்த அண்ணனைப் போல வாஞ்சையோடு குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்கு ரொம்ப இறுக்கமா இருந்துச்சு தங்கச்சி, அரத்தால இழைச்சப்புறம்தான் சனிக்கிழமை போலீஸ் போட்டியில தங்கமே விழுந்துச்சு!"