மெஷின் போட்ட மார்க்

தொண்ணூற்றெட்டு. திரையில் எண் விழுந்ததும், காசு போட்டால் பாடவிட்டு மார்க் போடும் வீடியோகே மெஷின் கைதட்டி எக்காளம் ஊதியது.

பாடியவன் கென்னத். அவனுக்கு முன்னால் பாடிய மரிவிக்குக்கு அதே மெஷின் போட்டது எழுபத்தொன்று.

நாளைக்குத் திருவிழா மேடையில் பள்ளி பேண்டுக்கு யார் பாடுவது என்று சண்டை வேண்டாம், மெஷினுக்கு ஓரவஞ்சனை கிடையாது என்று சொல்லி எல்லாரையும் இந்தக் கடை வாசலுக்குக் கூட்டிவந்தவன் ரொமெல். துணி போர்த்திய ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

ஓரவஞ்சனை கிடையாதாம்.

பெஞ்சில் தாளம் போட்டு வகுப்புக்கு வெளியே நின்ற இந்த ரொமெலைக் கூப்பிட்டு டிரம்ஸ் முன்னால் உட்காரவைத்தவள் மரிவிக். தேவாலயப் பாடற்குழுவில் தூங்கி வழிந்த டொடோங்கை இழுத்துவந்து, பழைய கிடாரில் இரண்டு தந்தியைக் கழற்றி, இனி இதுதான் உன் பேஸ் கிடார் என்று கையில் கொடுத்தவளும் அவள்தான். பாட்டெல்லாம் அவள் கட்டியவை.

ஆம்ப்ளிஃபயர் ஒன்றுதான் அவளால் கொண்டுவர முடியவில்லை. வாடகைக்கு மோட்டார் டிரைசிகிள் ஓட்டுகிற அப்பாவிடம் அதை எந்த வாயால் கேட்பது?

கென்னத் அரிசி மில்காரர் மகன். பேண்டுக்கு வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அவன் பாடவில்லை, கத்தினான்.

"விடு மரிவிக். நீ பின்னாடி நின்னு டாம்பரின் தட்டு. ஒரு பொண்ணு நின்னா மேடைக்கும் அழகுதானே?" என்றான் ரொமெல்.

அவள் மெஷினிடம் போனாள். இன்னொரு ஐந்து பீசோ நாணயத்தைப் போட்டாள். அதே பாட்டு. மைக்கை ஒயரோடு தெருவுக்கு இழுத்துப்போய், அவளுக்காகக் காத்திருந்த அப்பாவின் வண்டியடியில் பிடித்து, ஆக்சிலரேட்டரை நிறுத்தாமல் முறுக்கச் சொன்னாள்.

ஓட்டை விழுந்த சைலன்சர். தெருநாய்கள் எழுந்து ஓடின. கடைக்காரம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

தொண்ணூற்றொன்பது. கைதட்டல். எக்காளம்.

ஒருத்தன் முகமாவது சுருங்கும் என்று திரும்பிப் பார்த்தாள். யாருக்கும் ஆச்சரியமே இல்லை. டொடோங் தன் செருப்பைப் பார்த்தான். அந்த மெஷின் சத்தத்துக்குத்தான் மார்க் போடும் என்பது இந்த ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

ரிகர்சலுக்கு நேரமாகிவிட்டது என்று ரொமெல் எழுந்தான். துணி சரிந்தது.

இன்னும் பிரிக்காத அட்டைப்பெட்டி. புது ஆம்ப்ளிஃபயர். அரிசி மில்லின் முத்திரைகூடக் குத்தியிருந்தது.

அவள் பாடுவதற்கு முன்பிருந்தே அது அங்கேதான் இருந்திருக்கிறது.

மரிவிக் மைக்கை அதன் தலையில் வைத்தாள்.

"நாளைக்கு இதையே பாடச் சொல்லுங்கடா. என் பாட்டு ஒண்ணையும் தொடக் கூடாது."

தெருவில் அப்பாவின் வண்டி இன்னும் உறுமிக்கொண்டிருந்தது.