இடமாற்றம்

"இதையா ஊசி போட்டுக் கொல்லச் சொல்றீங்க?" மிருக வைத்தியர் நஜீப் கேட்டார். மேசையில் கிடந்த நாய் கொட்டாவி விட்டது.

"வீட்டுல இப்படி இல்லீங்க டொக்டர்," என்றாள் கிருஷ்ணகுமாரி. கேகாலைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவள். "வீட்டுக்குப் பின்னால கோடிப்பக்கம் போனாப் போதும், பேய் புடிச்ச மாதிரி சுத்துது. மகனையும் கடிச்சிருச்சு. அவனுக்கு ஆஸ்பத்திரியில ஊசி போட்டாச்சு. இது விசர் நாய், கொண்டுபோய் முடிச்சிட்டு வாங்கன்னு அனுப்பி வச்சான்."

நஜீப் நாயின் வாயைத் திறந்து பார்த்தார். கண்ணில் டோர்ச் அடித்தார். சந்தேகத்தில் சிறுநீரையும் சோதித்தார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"இது விசர் இல்ல. உங்க ரொக்கி ஐஸ் போதைத்தூள் தின்னிருக்கு."

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"தோட்டத்துப் பொடியன்மார் யாரோ உங்க கோடிப்பக்கம் வந்து பாவிச்சிட்டு, பேப்பர வீசிட்டுப் போறாங்க. இது நக்குது."

"அப்ப இங்க மட்டும் ஏங்க சும்மா கிடக்கு?"

நஜீபுக்கு உற்சாகம் வந்துவிட்டது. படிக்கும் காலத்தில் அவருக்குப் பிடித்த பாடம் அது.

"மிருகங்களுக்கு மருந்து மட்டும் வேலை செய்யாதும்மா, அத எடுக்கிற இடமும் சேர்ந்துதான் வேலை செய்யும். ஒரே இடத்துல திரும்பத் திரும்ப எடுத்தா, போகப் போக ஆட்டம் கூடும். பிறகு ஒண்ணும் எடுக்கவே தேவையில்ல, அந்த இடத்தக் கண்டாலே துள்ளும். வேற இடத்துல அவ்வளவு இருக்காது."

"அப்ப என்னங்க செய்யறது?"

"இடத்த மாத்துங்க. தூரத்துல சொந்தக்காரங்க இருக்காங்களா?"

"நிவித்திகலையில என் தம்பி இருக்கு. தேயிலைத் தோட்டம்." தரையைப் பார்த்தபடி நின்றவள், மெதுவாகக் கேட்டாள். "அங்க கொண்டுபோய் விட்டா, அவன எவ்வளவு நாளைக்கு வச்சிருக்கணும்?"

நஜீப் புன்னகைத்தார். நாயைப் பிள்ளை மாதிரி நினைப்பவர்களை அவருக்குப் பிடிக்கும்.

"அவசரப்பட்டுத் திருப்பிக் கூட்டிட்டு வந்துடாதீங்க. எவ்வளவு அழுதாலும் மனசு இளகக் கூடாது."

"இளக மாட்டேங்க," என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாயை அவிழ்த்துக் கூட்டிப் போனாள்.

சில மாதங்கள் கழித்து, தடுப்பூசிக்காக ரொக்கியோடு வந்தாள். நாய் நன்றாகக் கொழுத்திருந்தது. வாலை ஆட்டிக்கொண்டே வந்து நஜீபின் செருப்பை முகர்ந்தது.

"வீட்டுலயும் இப்படித்தானா?"

"ஆமாங்க. கோடிப்பக்கம் போனாலும் சும்மா படுத்துக் கிடக்கு."

நஜீபுக்குப் பெருமை தாங்கவில்லை. "நான் அன்டைக்கே சொன்னேன்தானே! நிவித்திகலைத் தண்ணி நல்லா ஒத்துக்கிட்டிருக்கு!"

கிருஷ்ணகுமாரி நாயின் தலையைத் தடவினாள்.

"இது எங்கயும் போகலீங்க டொக்டர். மகனத்தான் கொண்டுபோய் விட்டேன்."