வெயிலை மறைத்த பூ

அவளுக்கு வியர்த்தது.

வியர்க்கவே கூடாது. அதற்காகத்தான் இரண்டு வருடமாக உயிரைக் கொடுத்து வேலை பார்த்திருக்கிறாள்.

மடியில் லேப்டாப். அதிலிருந்து ஒரு வயர் ஸ்டியரிங்குக்குக் கீழே போகிறது. இந்தப் புதுக் காரின் ஏசியை இப்போது நடத்துவது அவள் எழுதிய புரோகிராம். எவ்வளவு குளிர், எவ்வளவு காற்று, கம்ப்ரசர் எப்போது ஓட வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எல்லாம் அதன் பொறுப்பு. காரில் இருப்பவர்கள் இருபத்துநான்கு டிகிரி என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம்.

மறக்கத்தான் முடியவில்லை.

பரமக்குடியைத் தாண்டிய சாலை. சித்திரை மாதத்து நடுப்பகல். வெளியே நாற்பத்தொன்று என்றது திரை. உள்ளே இருபத்துநான்கு என்றும் அதே திரைதான் சொன்னது.

வெயில் நேராக விழுந்த அவள் கழுத்து அதை ஒப்புக்கொள்ளவில்லை.

காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் தணிகாசலம், அவளுடைய மேலாளர். கைக்குட்டையைக் காலருக்குள் செருகியிருந்தார்.

இன்றைய சோதனையில் தேறாவிட்டால் அவள் புரோகிராம் பரணில் ஏறிவிடும். வெளியிலிருந்து ஒன்றை வாங்கிப் பொருத்திவிடுவார்கள். மாலையில் முடிவு.

காற்று வந்தது. ஏனோதானோ என்று வந்தது. சாயங்காலத்துக்குப் போதுமான காற்று.

சாயங்காலம்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

திரையில் ஒவ்வொரு சென்சாராகத் திறந்தாள். வெளியே உள்ள சூடு, சரி. உள்ளே உள்ள சூடு, அதுவும் சரி. வெயில்?

பூஜ்யம்.

முன்கண்ணாடி வழியாக உச்சி வெயில் மடியில் கொட்டுகிறது. காரோ, பொழுது சாய்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு நிதானமாக வீசிக்கொண்டிருக்கிறது.

வெயிலை அளக்கும் சென்சார் டாஷ்போர்டின் மேல், கண்ணாடியை ஒட்டி, ஒரு கறுப்புப் பொட்டு அளவில் இருக்கும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இடத்தைச் சொல்வாள்.

அங்கே ஒரு கொத்துச் செவ்வரளி கிடந்தது.

அம்மா கொடுத்தது. விடிந்ததும் மாரியம்மன் கோயிலுக்குப் போய் வாங்கி வந்து, "வண்டியில வச்சிரு, எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று கையில் திணித்தது. சோதனைக் காரில் பூ, பொட்டு, எலுமிச்சம்பழம் எதுவும் கூடாது என்பது தணிகாசலம் போட்ட சட்டம். அவர் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து அவசரமாக வைத்தாள். திரும்பி வந்தவர் பூவைப் பார்த்தார். ஏனோ ஒன்றும் சொல்லவில்லை. தப்பித்தோம் என்று இருந்துவிட்டாள்.

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டிருக்கிறாள்.

வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே, குதிக்க வேண்டும்போல் சந்தோஷமாக இருந்தது. புரோகிராமில் தப்பே இல்லை. இருட்டு என்று சென்சார் சொன்னதை, பாவம், நம்பிவிட்டது.

"சார், பூ சென்சாரை மறைக்குது."

அவர் எட்டிப் பார்த்தார். முகம் தெளிந்தது.

"அட, அவ்வளவுதானா? எடுத்துரும்மா. பாஸ்னு எழுதிரலாம்."

கை நீட்டினாள். பூவைத் தொட்டும்விட்டாள்.

எதிரே ஒரு கார் வந்தது. அதன் டாஷ்போர்டில், கண்ணாடியை ஒட்டி, ஒரு பிள்ளையார். அதன் பின்னால் ஒரு வேன். அதில் மாதா. அதற்கும் பின்னால் வந்த டாக்சியில் ஒரு முழம் கதம்பம்.

எல்லாம் ஒரே இடத்தில்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சார். பூ இருக்கட்டும்."

"ஃபெயில் ஆயிரும்மா."

"வாங்குறவங்க எல்லாரும் அங்கதான் சார் வைப்பாங்க."

அவர் வண்டியை ஓரங்கட்டினார். நிழல் தேடவில்லை.

அவள் தட்டினாள். நாலைந்து வரிதான். நேரம் நடுப்பகல், வெளியே இந்தக் கொதி, வண்டியும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அப்படியும் வெகுநேரமாக ஒரு பொட்டு வெயில்கூட இல்லை என்று அந்தச் சென்சார் சொன்னால், நம்பாதே. வெயில் அடிக்கிறது என்றே வைத்துக்கொள்.

பிள்ளைக்குப் புத்தி சொல்வதுபோல் எழுதி, காருக்குள் அனுப்பினாள்.

வண்டி கிளம்பியது.

ஒன்றும் நடக்கவில்லை. உடனே நடக்காது என்று அவளுக்கே தெரியும். பாலத்துக்கு அடியில் போகும் இருட்டுக்கெல்லாம் கார் பதறக் கூடாது என்று கொஞ்ச நேரம் காத்திருக்க வைத்திருக்கிறாள். இருந்தாலும் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சாலையோரம் வேலிக்கருவைப் புதர்கள் ஓடின. ஒரு ஊர் வந்து போனது.

அம்மா, தாயே.

டாஷ்போர்டுக்குள் ஒரு சின்ன மோட்டார் முனகியது. உள்ளே காற்றைத் திருப்பிவிடும் ஒரு கதவு நகர்ந்தது. காற்றின் சத்தம் ஏறியது, இன்னும் ஏறியது, பிறகு ஜில்லென்று முகத்தில் வந்து மோதியது. நெற்றி மயிர் பறந்தது. செவ்வரளி இருந்த இடத்திலேயே இருந்தது.

அவள் ஓவென்று கத்திவிட்டாள். பக்கத்தில் மேலாளர் இருப்பதே மறந்துபோயிற்று.

தணிகாசலம் கைக்குட்டையைக் காலரிலிருந்து உருவினார். மறுபடியும் வண்டியை ஓரங்கட்டினார். கைக்குட்டையைப் பேன்ட் பாக்கெட்டில் வைக்கப் போன கை, உள்ளேயே கொஞ்ச நேரம் இருந்தது.

வெளியே வந்தபோது அதில் ஒரு குட்டிப் பிள்ளையார் இருந்தார். அடியில் ஒட்டும் டேப். மேல்தாள் இன்னும் உரிக்கப்படவில்லை.

அவர் அவளைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துச் சொன்னார்.

"வீட்டுல குடுத்தாங்க. காலையில இருந்து பாக்கெட்லயேதான் கிடக்காரு."

அவள் பூவைக் கொஞ்சம் நகர்த்தி, கறுப்புப் பொட்டைக் காட்டினாள்.

அவர் தாளை உரித்தார்.