சிலைக்கு ஒரு மாலை

“பெத்த மகன் செலைக்கு மாலை போட இத்தனை பிகுவா அவளுக்கு?”

அருள்புரத்தில் தன் பனியன் கம்பெனி வாசலில் நின்று முதலாளி மணியன் வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தார்.

சுதந்திர தினம். கொடி ஏற்றியாயிற்று. கார்கிலில் செத்துப்போன சுரேஷின் சிலை, துணி மூடித் தயாராக நிற்கிறது. அவன் அம்மா மருதாளைத்தான் காணோம். இதே கம்பெனியில் பனியனின் நூல் பிசிறு வெட்டுகிறவள், உள்ளே உட்கார்ந்துகொண்டு வரமாட்டேன் என்கிறாள்.

சூப்பர்வைசர் சித்ரகலா உள்ளே ஓடினாள். போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். அவளுக்கும் பற்றிக்கொண்டு வந்தது.

“ஏனுங்க்கா, மொதலாளி கைக்காசு போட்டுச் செலை வெச்சிருக்காரு. இந்தக் காலத்துல யாருங்க இப்படிச் செய்யறாங்க?”

“நான் கேட்டாப்புல வெக்கலியே கண்ணு.”

சிலைக்கு ஆர்டர் கொடுக்கும்போதே மருதாள் ஒரு கிறுக்குத்தனம் பண்ணியிருந்தாள். சேரில் உட்கார்ந்த மாதிரி வையுங்கள் என்றாள். “பட்டாளத்துக்காரன் சேர் போட்டு உக்காந்துக்கிட்டா சண்டை போடுவான்?” என்று மணியன் கேட்க, கம்பெனியே விழுந்து விழுந்து சிரித்தது.

“இன்னும் அதையே புடிச்சுட்டுத் தொங்கறீங்களாக்கா? மொதலாளிக்காக வேண்டாம். உங்க பையனுக்காக வாங்க.”

அந்தச் சொல்லுக்குத்தான் மருதாள் எழுந்தாள்.

வாசலில் பெரிய பேனர். அதில் மணியன் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். நாட்டுக்கு உயிரைக் கொடுத்தவன் மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தான்.

துணியை விலக்கினார்கள். கையில் துப்பாக்கியோடு சுரேஷ் விறைப்பாக நின்றான். மருதாள் மாலையைப் பிடித்தபடி அவன் பூட்ஸைத் தடவினாள். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

மணியன் மைக்கைப் பிடித்தார்.

“சுரேஷ் எங்க ஊட்டுப் பையன்! எங்களுக்குள்ள எந்த வித்தியாசமும் கெடையாது. அம்மா, நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க.”

மைக்கில் மட்டும் அம்மா. மற்ற நாளெல்லாம் வாடி, போடிதான்.

“செலை என்ற பையனாட்டமே இருக்குதுங்க சாமி,” என்றாள் மருதாள். “கடைசியா லீவுல வந்தப்ப, இதே உடுப்புல என்னையப் பாக்க இங்க வந்தான். உங்க ரூம்புல சேர்ல உக்காந்திருந்தான். ‘காலனில பொறந்தவன், எனக்குச் சமமா உக்கார்றியாடா’ன்னு எல்லார்த்துக்கு முன்னாலயும் எந்திரிக்க வெச்சீங்க. மறுநாள் ரயிலேறுனவன், பொட்டியிலதான் வந்தான்.”

தட்டத் தூக்கிய கைகள் அப்படியே நின்றன. சித்ரகலா தலையைக் குனிந்துகொண்டாள்.

மருதாள் மாலையை மணியன் கையிலேயே கொடுத்தாள்.

“செத்ததுக்கப்பறமாச்சும் உக்கார வெப்பீங்கன்னு பார்த்தேனுங்க சாமி.”