முன்னூறு பெண்கள் நின்ற ஷூ

"இன்னாம்மா, மறுபடியும் வந்துட்ட?"

ட்ரோனைத் துடைத்துக்கொண்டிருந்த இன்பராஜ் அலுப்போடு நிமிர்ந்தான். ஆம்பூர் பஜாரில் அவனுடைய ஸ்டுடியோ வாசலில் அம்சவேணி நின்றிருந்தாள். ஷூ கம்பெனியில் மெஷின் தைக்கிறவள். இந்த வாரத்தில் இது மூன்றாவது தடவை.

"அந்தப் படம் சார்..."

அந்தப் படம் என்றால் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மார்ச் மாதம், மகளிர் தினத்தன்று, சிவப்புச் சேலை கட்டிய முன்னூறு பெண்களைக் கம்பெனி மைதானத்தில் ஒரு லேடீஸ் ஷூ வடிவத்தில் நிறுத்தி இன்பராஜ் மேலேயிருந்து எடுத்தது. ஜெர்மனியில் சரக்கு வாங்குகிற பார்ட்டி அதைக் காலண்டரில் போட்டுவிட்டான்.

அன்றிலிருந்து ஊருக்கே மேலேயிருந்து பார்க்கிற பைத்தியம் பிடித்துவிட்டது. கல்யாணமா, டாப் ஷாட். காதுகுத்தா, டாப் ஷாட். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மயில் மாதிரி வெயிலில் நிறுத்துகிறார்கள். கீழே நிற்கிறவர்கள் மூஞ்சி எப்படி இருந்தால் யாருக்கு என்ன?

"முன்னூறு பேரும் ஆளுக்கொரு படம் கேட்டு வந்தா நான் எங்கம்மா போவேன்?"

அம்சவேணி நகரவில்லை.

இன்பராஜுக்குத் தாராள மனசுதான். சுவரில் மாட்டியிருந்த ஃப்ரேம் போட்ட படத்தையே கழற்றி நீட்டினான். "இந்தா, வச்சுக்க. வீட்டுல மாட்டு."

அவள் இடது கையால் வாங்கினாள். ஓசியில் கொடுப்பதை வலது கையால் வாங்கக்கூடத் தெரியவில்லையே என்று அவனுக்குச் சுருக்கென்றது. அதோடு விட்டாளா? பார்த்துவிட்டுத் திருப்பி மேஜைமேல் வைத்தாள்.

"இது இல்ல சார். குதிகாலாண்ட ஓட்டையா இருக்குமாமே, அந்தப் படம். அன்னிக்கு மேனேஜர் மைக்குல கத்தினாராம்."

இன்பராஜ் சிரித்துவிட்டான். "அது அசிங்கமா இருக்கும்மா. எவளோ வரிசையக் கலைச்சுட்டா. முன்பக்கம் நின்ன அஞ்சு பேரை எடுத்து ஓட்டைல ஒட்டித்தான் படத்தையே காப்பாத்தினேன். இன்னிவரைக்கும் எவனாச்சும் கண்டுபிடிச்சானா?"

"கலைச்சது நான்தான் சார்."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. கம்பெனி மேனேஜர். அடுத்த மாதம் இன்னொரு யூனிட்டில் ஐந்நூறு பெண்கள், இந்தத் தடவை பூட்ஸ் வடிவம். "ஜமாய்ச்சுடலாம் சார்" என்று சொல்லி வைத்தான்.

"நீதானா அது? ஒரு பத்து நிமிஷம் ஒழுங்கா நிக்க முடியலையா?"

"பத்து நிமிஷமா? காலைல ஒம்பதரைக்கு நிக்க வச்சாங்க. தரைக்குச் சுண்ணாம்பு அடிச்சிருக்கு, தடம் விழுந்துடும்னு செருப்பையும் கழட்டச் சொல்லிட்டாங்க. ஷூ தைக்கிற அத்தினி பேரும் வெறுங்காலு. பன்னெண்டரைக்கு எனக்குக் கண்ணு இருட்டிச்சு. அவ்ளோதான் தெரியும்."

முந்தானையை விலக்கினாள். வலது மணிக்கட்டு கோணிக்கொண்டிருந்தது. விரல்கள் மடங்கினபடியே நின்றன.

"எலும்பு உடைஞ்சு கோணலா சேந்துக்கிச்சு சார். மெஷின்ல தோலைப் புடிக்க முடியல. அன்னிக்கு ஆட்டோல ஏத்தும்போதே, 'வீட்டுல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, மீதிய நாங்க பாத்துக்குறோம்'னாங்க. நான் ஒரு பைத்தியம், ஆஸ்பத்திரில அப்பிடியே சொல்லிட்டேன். இப்ப வேலைக்கே வராதன்றாங்க."

"உன்னத் தூக்கினவங்க இருப்பாங்களே?"

"அவங்களுக்கும் வேலை வேணுமே சார். லேபர் ஆபீசுக்கு எழுதிப் போட்டேன், விசாரணை நடக்குது. மேனேஜர் உங்க படத்தத்தான் எடுத்து நீட்டுறாரு. 'பாருங்க, வரிசை முழுசா இருக்கு, இதுல எவ விழுந்தா?'ன்றாரு. பாக்குறவங்களும் ஆமான்றாங்க. நாளன்னிக்குக் கடைசி விசாரணை. அந்த ஓட்டைப் படம் ஒண்ணுதான் சார் எனக்கு சாட்சி."

இன்பராஜின் முகம் வாடிப்போயிற்று. நடிப்பில்லை, உண்மையாகவே வாடியது.

"ஐயையோ, முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா? அதை அப்பவே டெலிட் பண்ணிட்டேனேம்மா! இருந்தா குடுக்க மாட்டனா? நானும் அக்கா தங்கச்சிங்களோட பொறந்தவன்தான்."

அம்சவேணி அழுவாள் என்று நினைத்தான். அழவில்லை. அவன் வரவழைத்துக் கொடுத்த டீயை இடது கையால் பிடித்துக் குடித்தாள்.

"உங்க மேல தப்பில்ல சார். மூணு தபா வந்து உங்களத்தான் பேஜார் பண்ணிட்டேன்." கும்பிடப் பார்த்தாள். ஒரு கைதான் எழுந்தது.

அவள் தெருமுனை திரும்பும்வரை இன்பராஜ் வாசலிலேயே நின்றான். பிறகு கதவைச் சாத்திவிட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான்.

'மகளிர் தினம், ஒரிஜினல்' என்ற ஃபோல்டரைத் திறந்தான். குதிகால் பக்கத்தைப் பெரிதாக்கினான். சுண்ணாம்புத் தரையில் ஒரு பெண் மல்லாந்து கிடந்தாள். நாலு பேர் அவள் பக்கமாக ஓடிவந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு உயரத்திலிருந்து எடுத்தும் அம்சவேணியின் முகம் தெளிவாக இருந்தது. நல்ல கேமரா.

அவளிடம் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, டெலிட்டை அழுத்தினான்.