மச்சானின் சைக்கிள் மீட்டர்

தௌஹீத் மச்சான் துபாய் நண்பரிடம் ஆசையாகக் கேட்டிருந்த சைக்கிள் மீட்டர், மச்சான் மவுத்தாகி ஆறு மாதம் கழித்துத்தான் உத்திரமேரூருக்கு வந்து சேர்ந்தது. அதற்குள் தாஜுன்னிசா அக்கா கணவனுக்காக வீட்டோடு இருக்கும் இத்தா நாட்களை முடித்து, வாடகை வீட்டைக் காலி செய்து, அவருடைய சைக்கிளோடு என் வீட்டுக்கு வந்துவிட்டிருந்தாள்.

காந்தத்தை முன்சக்கரக் கம்பியிலும் மீட்டரை ஹேண்டில்பாரிலும் மாட்டினேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மீட்டர் தானாக ஓடியது. சைக்கிள் ஸ்டாண்டில்தான் நின்றது. சக்கரம் அசையவில்லை. பதினைந்தாவது கிலோமீட்டரில் எண் நின்றது.

"பெருநகர் மில்லுக்கு வேலைக்குப் போய் சேந்துட்டாரு" என்றாள் அக்கா.

மாலை ஐந்துக்கு மறுபடி ஓடியது. அக்கா முகம் கழுவி டீ போட்டு வைத்தாள். முப்பதில் நின்றது. யாரும் வரவில்லை. தினமும் காலையில் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, ஒரு வாரம் இப்படியே போனது.

"முப்பதுன்னா பழைய வூட்டுக்குக்கா. நம்ம வூடு இன்னும் ஒரு கிலோமீட்டர் தள்ளி கீது" என்றேன்.

"அய்யோ, பூட்டுன வூட்டாண்ட நின்னுக்கினு கீறாரா!"

அன்று மாலை அக்கா துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு கிளம்பிப் போனாள். நான் மீட்டரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். முப்பதில் நின்றது. ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் நகர்ந்தது. வேகம் நான்கு. பேசிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிவரும் வேகம்.

முப்பத்தொன்றில் அக்கா வந்தாள். கதவைத் திறந்து, உள்ளே வராமல், வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.